ஆறாம் அறையின் கெனாங்கா

ஆகஸ்ட் மாதம் பூனைகள் போட்ட சண்டையில் ஆறாம் அறைக்கு மேலே இரண்டு ஓடுகள் நழுவிவிட்டன. சரிசெய்ய வந்தவர் அறைக்குள்ளிருந்தும் பார்க்க வேண்டும் என்றார். அங்கே குடியிருந்த அங்கிட் என்ற இளைஞனைக் கூப்பிட்டால் தொலைபேசி அணைந்து கிடந்தது. ஐந்தாம் அறைப் பெண்ணிடம் கேட்டேன். “அவரப் பாத்து மூணு வாரம் ஆச்சே இபு, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். எனக்குத் தெரியாது. மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்தோனேசியாவின் மாலாங் நகரில் நானும் என் கணவர் கர்சிதியும் எட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளுகிறோம். அறைக்காரர்களுக்கு நான் ‘இபு’, அதாவது அம்மா; அவர் ‘பாக்’, ஐயா. அங்கிட்டுக்கு இருபத்தொன்பது வயது. கைபேசிக் கடையில் வேலை. வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவான். பாட்டுச் சத்தம் கிடையாது, கூட்டாளிகள் கிடையாது. இப்படிப்பட்ட ஆள் எதிரே வந்தால் சிரிப்போம், போனதும் மறந்துவிடுவோம்.

கதவைத் திறந்ததும் புழுங்கிய நாற்றம் முகத்தில் அடித்தது. திரைச்சீலை மூடியிருந்தது. மெத்தையைச் சுற்றிக் காலி நூடுல்ஸ் கோப்பைகள். மூலையில், பக்கவாட்டில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. துணி வைத்திருப்பான் என்று நினைத்து மூடியைத் தூக்கினேன்.

“பாம்பு! இபு, பாம்பு!” என்று கத்திய ஓட்டுக்காரர் ஏணியில் ஏறிக் கூரைக்கே போய்விட்டார்.

கர்சிதி ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் உப்புப் பாக்கெட்டுமாக ஓடிவந்தார். பாம்பென்றால் அவருக்கு உயிர் போய்விடும். உப்பைக் கண்டால் பாம்பு ஓடும் என்று நம்பி, வாசலுக்கு வெளியே நின்றபடியே வீசினார். பாதி என் தலையில் விழுந்தது.

“தள்ளி நில்லு மூர்! ஒரே போடு!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நானும் அப்படித்தான் சொல்லவிருந்தேன். ஆனால் அது தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு மீட்டர் நீளம் இருக்கும். முதுகெலும்பு கூரை முகடுபோலப் புடைத்திருந்தது. தோல் கிழிந்த காகிதமாக அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன. தண்ணீர்க் கிண்ணத்தில் காய்ந்த உப்புப் படலம் மட்டும்தான். பயம் போகவில்லை, ஆனாலும் கிண்ணம் கண்ணை உறுத்தியது. கையிலிருந்த புட்டித் தண்ணீரை அதில் ஊற்றினேன்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு வெளியே வந்தது. தலை தடவித் தடவிக் கிண்ணத்தைத் தேடி விளிம்பில் சாய்ந்தது. குடிக்கத் தொடங்கியது. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. குடித்துக்கொண்டே இருந்தது. கிண்ணம் தீர்ந்து மறுபடி ஊற்றினேன்.

“இன்னுமா குடிக்குது?” என்றார் கர்சிதி. குரல் இறங்கியிருந்தது. மண்வெட்டியும்தான்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறம் ஒட்டிய காகிதத்தில் ‘கெனாங்கா’ என்று பெயர். பூவின் பெயர். அதற்குக் கீழே தேதிகள், அழகான கையெழுத்தில். ‘சாப்பிட்டாள்.’ ‘சட்டை உரித்தாள், ஒரே துண்டாக, கெட்டிக்காரி.’ பத்து நாளைக்கு ஒன்றாக வந்த தேதிகள் ஜனவரிக்குப் பிறகு தள்ளித் தள்ளிப் போயின. கடைசித் தேதி மார்ச் மாதத்தில். அதற்கப்புறம் வெறும் காகிதம்.

எங்கள் தெருவில் நாலு மணிக்கு இறைச்சி உருண்டை சூப் வண்டி தள்ளிவரும் முனிப்பை எல்லோரும் ‘சாக்’, அதாவது அண்ணன், என்போம்; அவர் வீட்டில் ஐந்து பாம்புகள் இருப்பது ஊருக்கே தெரியும். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனிதர். அன்று கூப்பிட்டுக் காட்டியதும் பெட்டியருகே குந்தி உட்கார்ந்து செதில்களை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஆப்பிரிக்க மலைப்பாம்பு இபு. விஷமே கிடையாது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்வளவுதான். இதுக்கு இப்ப சுருளக்கூடத் தெம்பில்ல.”

“நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க சாக். உங்களுக்குத்தான் பழக்கம்.”

“அதான் முடியாது. இங்க பாருங்க.” செதில்களுக்கு நடுவே மிளகைவிடச் சின்னதாகக் கரும்புள்ளிகள் நகர்ந்தன. “உண்ணி. என் வீட்டுக்குப் போச்சுன்னா அஞ்சுக்கும் தொத்திக்கும். மூச்சக் கேளுங்க, விசில் அடிக்குதா? நெஞ்சுல சளி. நம்ம ஊரு ஆகஸ்ட் குளிருல சூடு குடுக்கற பல்பு இல்லாம கிடந்திருக்கு. நீங்க ரெண்டு மாசம் வச்சிருங்க. நான் தெனம் வந்து பாக்கறேன்.”

“ரெண்டு மாசமா!” என்றார் கர்சிதி வாசலிலிருந்து. “அப்ப நான் எங்க போறது?”

“நீங்க என் வீட்டுக்கு வாங்க பாக். அஞ்சோட இருக்கலாம்” என்றார் முனிப்.

அப்படித்தான் அது எங்கள் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் இஸ்திரி அறைக்கு வந்தது. பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு பெண் மருத்துவர் பாம்பு, ஆமையெல்லாம் பார்ப்பார். எடை போட்டு, வாயைத் திறந்து பார்த்து, மூன்று நாளைக்கு ஓர் ஊசி என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். “தண்ணி குடிச்சுச்சுன்னு சொன்னீங்களே, அது நல்லதுதான்” என்றார்.

முதல் வாரம் அடுப்புக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்குக் குளிக்க ஊற்றுவதுபோல முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். கரும்புள்ளிகள் செத்து மிதக்கும். தண்ணீரைக் கொட்டி மறுபடி ஊற்றுவேன். இரண்டாம் வாரம் கையுறை நனைந்து கிடந்ததால் வெறுங்கையால் தூக்கினேன். வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த வாழையிலை மாதிரி இருந்தது. கனமே இல்லை.

பழைய தோல் ஊற ஊறத் துண்டு துண்டாக வந்தது. கண்ணை மூடியிருந்த தோல் மட்டும் வரவில்லை. நகத்தால் நெம்பப் போனேன். முனிப் என் கையைத் தட்டிவிட்டார்.

“அத உரிச்சீங்கன்னா கண்ணும் கூட வந்துரும். அடுத்த சட்டை கழட்டறப்ப அதுவே கழட்டிக்கும். பொறுமையா இருங்க இபு.”

எனக்கு எங்கே பொறுமை? அங்கிட்டின் எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ‘பார். நீ செய்ததைப் பார்.’ ‘இதற்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்?’ எல்லாவற்றிலும் ஒற்றைக் குறிதான். அவனுடைய தொலைபேசி அணைந்தேதான் இருந்தது. அனுப்பினால் ஆத்திரம் தணியும், அதனால் அனுப்பினேன்.

பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை. ‘இன்று மூச்சில் சத்தம் இல்லை’ என்று ஒரு நாள் எழுதினேன். ‘ஊசி முடிந்தது.’ ‘இன்று கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள், திமிர் வந்துவிட்டது.’ யாருக்கு எழுதுகிறோம் என்றே யோசிக்காமல் எழுதினேன். கர்சிதியிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். வேறு யாரிடம் சொல்வது?

சாப்பாடுதான் பெரும்பாடு. முனிப் உறைய வைத்த சின்ன வெள்ளெலியைக் கொண்டுவந்து வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் நீட்டச் சொல்லிக்கொடுத்தார். முதல் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. நான்கு முறை தோற்றோம். மருத்துவர் குழாய் வைத்து ஊட்டலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். செப்டம்பர் கடைசியில், ஒரு மதியம், இடுக்கியில் எலியை நீட்டிக்கொண்டு கை கடுக்க நின்றேன். நாக்கு இரண்டு முறை வெளியே வந்தது. கழுத்து எஸ் எழுத்தாக வளைந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் இடுக்கி என் கையிலிருந்து பறந்தது.

“முழுங்குது! மூர், முழுங்குது!”

கத்தியது கர்சிதி. கதவிடுக்கில் எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தெருவுக்கே ஓடிப்போய் முனிப்பின் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தார். வண்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் முழுங்கினார்கள், எதை முழுங்கினார்கள் என்று பதறிப்போனார்களாம்.

அக்டோபர் நடுவில் அவள் உடம்பு மங்கியது. கண் நீலமாயிற்று. ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால் ஈரப்பாசி வைத்திருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் சட்டை கிடந்தது. தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு. தலைப்பகுதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இரண்டு கண்ணிடத்திலும் கண்ணாடி வில்லைபோலத் தோல், பழையதும் புதியதுமாகச் சேர்ந்து தடிப்பாக வந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் கெனாங்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்துப் பளபளக்கும் இரண்டு கண்கள். பழுப்பும் கறுப்புமாக உடம்பு மினுங்கியது.

சட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கிட் மூடியில் எழுதியிருந்த அதே சொற்களை அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. ‘ஒரே துண்டாக. கெட்டிக்காரி.’

மாலையில் பார்த்தபோது எல்லாச் செய்திகளிலும் குறி நீலமாகியிருந்தது. ஆகஸ்டில் அனுப்பிய முதல் ஏச்சிலிருந்து அன்று காலைப் படம்வரை. பதில் இல்லை.

நான்காம் நாள் வாசலில் வந்து நின்றான். பாதி ஆளாக இளைத்திருந்தான். கதவைத் திறந்த கர்சிதி வழியை மறித்துக்கொண்டார்.

“எதுக்கு வந்த? நீ கொல்லாம விட்டது எப்படி இருக்குன்னு பாக்க வந்தியா?”

“ஆமா பாக்” என்றான் அவன்.

கர்சிதி வழியிலிருந்து விலகிக்கொண்டார். நான் உள்ளே வரச் சொன்னேன். இரண்டு மாதமாக அவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவுகளெல்லாம் வாய்வரை வந்திருந்தன. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, டீயைத் தொடாமல், அவனே பேசினான்.

“ஜனவரில கடைய மூடிட்டாங்க இபு. வேற வேலை தேடலாம்னு இருந்தேன். அப்புறம் படுத்தவன் படுத்தவன்தான். அவளுக்குத் தண்ணி வைக்கணும்னு தெரியும். அஞ்சடி தள்ளித்தான் பெட்டி. எந்திரிக்க முடியல. பல்பு ஃப்யூஸ் ஆச்சு, மாத்தணும்னு தெரியும். முடியல. பெட்டிக்குள்ள அவ நகர்ற சத்தம் கேட்டுட்டே இருக்கும். ஒரு நாள் கேக்கல. செத்துட்டான்னு நெனச்சேன். தொறந்து பாக்க தைரியமில்ல. பிளிதார்ல அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிட்டேன்.”

அக்காதான் அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறானாம். தொலைபேசியைப் போன வாரம்தான் மறுபடி போட்டானாம்.

“மொதல்ல நீங்க திட்டினதப் படிச்சேன். சரியாத்தான் திட்டியிருந்தீங்க. அதோட நிறுத்திரலாம்னு நெனச்சேன். ஆனா அடுத்தது என்னாச்சுன்னு தெரியணுமே. படிச்சிக்கிட்டே இருந்தேன்.”

என் சமையலறையிலிருந்து ஆறாம் அறைக்குப் பத்து எட்டு. அந்த ஆறு மாதத்தில் அவன் கதவை இரண்டே முறை தட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் பைக்கை நகர்த்தி வைக்கச் சொல்லத்தான். கதவைப் பாதி திறந்து “சரி இபு” என்றான். முகத்தைப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பார்க்கவில்லை.

“வா, வந்து பாரு” என்றேன்.

இஸ்திரி அறையில் பெட்டியைத் திறந்ததும் அவன் பின்வாங்கினான். “என்கிட்ட குடுக்காதீங்க இபு.”

“குடுக்கல. அவ இங்கதான் இருப்பா. கையில வாங்கிப் பாரு, அவ்வளவுதான்.”

நான் தூக்கி அவன் முன்கையில் வைத்தேன். கெனாங்கா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு நாக்கை நீட்டி நீட்டி அவன் மணிக்கட்டைத் தடவிவிட்டு, சூட்டைத் தேடிச் சட்டைக் கைக்குள் நுழைந்தாள். அவன் மூச்சுவிடவும் பயந்து நின்றான். தோளுக்குப் பக்கத்தில் துணி மேடாக நகர்ந்தது.

“கனமா இருக்கா” என்றான்.

“எண்ணூத்தி அம்பது கிராம். வந்தப்ப எழுநூறுகூட இல்ல” என்றார் கர்சிதி, வாசலிலிருந்து. எடை நோட்டை அவர்தான் எழுதுகிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அன்று காய்கறிக் கடலைக்குழம்பும் சோயாவில் செய்த தெம்பே வறுவலும் செய்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். கெஞ்சவில்லை, திரும்பத் திரும்ப மன்னிப்பும் கேட்கவில்லை. கிளம்பும்போது, அடுத்த ஞாயிறும் வரலாமா என்று மட்டும் கேட்டான்.

ஞாயிறுதோறும் பிளிதாரிலிருந்து ரயிலேறி வந்தான். முதலில் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பிறகு கிண்ணம் கழுவினான். டிசம்பரில் ஒரு வாரம் வரவில்லை. உடம்பு சரியில்லை, எழுந்திருக்க முடியவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தான். நான் அன்றே அவன் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினேன். அடுத்த ஞாயிறு வந்தான். இப்படியும் அப்படியுமாகத்தான் போயிற்று. பிப்ரவரியில் எங்கள் தெருக்கோடி ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது. ஆறாம் அறையில் வேறு ஆள் இருந்ததால் மூன்றாம் அறையைக் கொடுத்தேன். காலையில் வேலைக்குப் போகும்போது சமையலறைச் சன்னலில் தலையை நீட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. “என்ன இபு, ஆஜர் எடுக்கறீங்களா?” என்றான். “ஆமாடா, எடுக்கறேன்” என்றேன். மற்ற ஏழு அறைக்காரர்களிடமும் இப்போது ஏதாவது சாக்கில் முகம் பார்த்துப் பேசிவிடுகிறேன். சிலருக்குத் தொந்தரவாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஒரு மாதமாக அவனும் கர்சிதியும் பின்கட்டில் மரப்பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறார்கள். முன்புறம் கண்ணாடி, உள்ளே வெப்பமானி, ஒளிந்துகொள்ள ஒரு மூலை. அறுப்பது அங்கிட், பலகையைப் பிடிப்பது கர்சிதி, குறை சொல்வது முனிப். நேற்று கண்ணாடிக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள்.

“பாக், நீங்க அளந்தது தப்பு.”

“நான் சரியாத்தான் அளந்தேன். நீ அறுத்தது தப்பு.”

“ரெண்டு பேரும் தள்ளுங்க, நான் தேய்க்கறேன்” என்று முனிப் உப்புத்தாளை எடுத்தார். தெருவில் வண்டி தனியாக நின்றது. சூப்புக்காக யாரோ கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவரும் எழுந்து போவதாகத் தெரியவில்லை. கடைசியில் நானே போய் அள்ளி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.