புகார்ப் பக்கம்

"போன் நம்பரு கட்டாயமுங்க கண்ணு. நம்பரு போடாம அந்தப் பட்டனு அமுங்கவே கூடாது" என்றார் சண்முகவேல்.

அபிராமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரின் பனியன் கம்பெனிக்கு வெப்சைட் செய்ய ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே அவளுக்கு வயிறு எரிகிறது. ஐந்தே பக்கம். அதற்குள் ஆயிரம் நொட்டை. முகப்புப் படத்தில் வானம் இன்னும் நீலமாக வேண்டும். கழிப்பறைப் பக்கத்துச் சுவர் தெரியக் கூடாது. 'எங்கள் குழு' பக்கத்தில், புரொடக்‌ஷன் பார்க்கும் மச்சினன் ரித்தீஷின் படம் அவர் படத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 'ங்க' போட்டே சொல்வார். இவ்வளவு மரியாதையாக ஆளை மிதிக்கத் தெரிந்தவர் நெருப்பெரிச்சல் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது.

மிச்சம் இருந்தது புகார்ப் பக்கம் ஒன்றுதான். வேலையாட்கள் பெயர் சொல்லாமல் குறை எழுத சைட்டில் ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கறாராகச் சொல்லிவிட்டான். அவளும் அப்படியே செய்து வைத்திருந்தாள். எழுதியது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பேரு வேண்டாம்னுதானுங்க சொன்னான்? நம்பரு வேண்டாம்னு சொல்லலீங்களே. எழுதுனா நேரா என்ற போனுக்கு வரோணும்."

"அப்புறம் யாரு சார் எழுதுவா?"

"எழுதக் கூடாதுன்னுதானுங்க."

சிரித்தார். பிறகு போகிற போக்கில் சொல்வது போல, "உங்கம்மா நம்ம செக்கிங் செக்‌ஷன்லதானுங்களே இருக்காங்க? நல்ல வேலக்காரங்க. இருக்கட்டுமுங்க" என்றார்.

லேப்டாப்பை மூடிவிட்டுப் போக ஒரு நொடி போதும். ஆனால் ஊரைவிட்டு வந்ததிலிருந்து இந்த ஒரு கம்பெனியில்தான் அம்மா நிலையாக இருக்கிறாள். வேறு எங்கும் இந்த வயதில் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அபிராமி நம்பரைக் கட்டாயமாக்கினாள். தன் விரல்களையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாமுங்க" என்றவர், இன்டர்காமில் அவள் அம்மா சீனியம்மாளை வரச் சொன்னார். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் செய்தார்.

அம்மா தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு வந்து நின்றாள். அபிராமி தன் போனில் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"சும்மா ஒரு கொறை எழுதுங்கம்மா. மக செஞ்சது வேலை செய்யுதான்னு பாக்கோணும்" என்றார் அவர்.

"ம்மா, நம்பர் போடணும். சார் போனுக்குத்தான் போகும். சும்மா டெஸ்ட்னு அடிச்சிட்டுப் போ." கண்ணாலேயே கெஞ்சினாள் அபிராமி.

"சாருக்கேவா? நடுவுல அந்த ரித்தீஷ் சார் படிக்க மாட்டாருல்ல?"

"இல்லம்மா."

சீனியம்மாள் முதலில் நம்பரைப் போட்டாள். பிறகு ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தாள். டெஸ்ட் என்ற சொல்லுக்கு இத்தனை எழுத்து ஏது? அபிராமி போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அதற்குள் அம்மா பட்டனை அமுக்கிவிட்டாள்.

மேசைமேல் அவர் போன் சத்தமிட்டது. சிரித்துக்கொண்டே எடுத்தவர், படித்தார். மறுபடியும் படித்தார். அபிராமி அம்மாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

'ரித்தீஷ் சார் மெசினுக்குப் பின்னாடி வந்து நின்னு பொம்பளப் பிள்ளைக மேல கை வைக்கிறார். கீர்த்தனா நேத்து அழுதுகிட்டே வீட்டுக்குப் போச்சு. உங்க மச்சினங்கிறதால யாரும் சொல்லல. நான் சொல்றேன்.'

"சைட்டு வேலை செய்யுது" என்றார் சண்முகவேல். போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ போம்மா. உன்னைய அப்பறம் பாத்துக்கறேன்."

அம்மா போகவில்லை. போனை மகளிடம் நீட்டினாள்.

"ஆத்தா, இன்னும் ரெண்டு பிள்ளைக விசயம் இருக்கு. எழுதட்டா?"

அபிராமி அவரைப் பார்க்கவில்லை. அடுத்த புகாருக்காகக் கட்டத்தைக் காலியாக்கி, போனை அம்மாவின் கையிலேயே திரும்பக் கொடுத்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.