மருமகள் அதட்டிய நாள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஊரில் பாதிப் பேர் என் அதட்டலில் ஸ்டியரிங் பிடித்தவர்கள். அப்படிப்பட்ட என் சொந்த மருமகளே டெஸ்டில் ஃபெயில் என்றால் நான் எந்த முகத்தோடு வெளியே போவேன்?

அவள் ஸ்பானிஷ்காரி, நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் வாங்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. பதறினால் அவளுக்கு நம் பேச்சு மறந்துபோகும் என்பதால், மகனிடம் நாலு ஸ்பானிஷ் கட்டளை கற்றுக்கொண்டேன். பீசலோ என்றால் அதை மிதி. சுவேல்தலோ, அதை விடு. ஹிரலோ, திருப்பு. பாரலோ, நிறுத்து. எல்லாம் வா போ என்று உரிமையோடு பழகுகிறவர்களிடம் பேசுவதாம். "உன் வாய்க்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா," என்றான் மகன்.

பிரமாதமாக ஓட்டினாள். நான் சொல்லி வாய் மூடுவதற்குள் செய்துவிடுவாள். டெஸ்டில் அவளைக் கவிழ்த்ததே அதுதான். அதிகாரி, "ரோடு காலியானதும் திரும்புங்க," என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ரோடு காலியானது. இவள் என் குரலுக்காகக் காத்துக்கொண்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது; அவள்மேல் இல்லை, என் வாய்மேல். மறுநாள் வீட்டுக் காரை எடுத்து இடம் மாறி உட்கார்ந்தேன். "நான் ஓட்டறேன். நீ சொல்லு."

"கொஞ்சம் மெதுவாப் போறீங்களா அத்தை, தயவுசெஞ்சு?"

"நீ மரியாதைய முடிக்கறதுக்குள்ள வண்டி சுவத்துல ஏறிடும்டி!"

சிரித்தாள். அடுத்த திருப்பத்திலும் "தயவுசெஞ்சு"தான். கல்யாணமாகி வந்ததிலிருந்தே இப்படித்தான், விருந்தாளி மாதிரி. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு அதையும் கேட்டுவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"பாரலோ!"

என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. குடோன் கேட்டிலிருந்து ரிவர்ஸில் வந்த லாரி எங்கள் மூக்குக்கு முன்னால் நின்றது. நான் பார்க்கவே இல்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிருங்க அத்தை, கத்திட்டேன்."

"கத்தலன்னா நாம ரெண்டு பேரும் இப்ப ஆஸ்பத்திரியில கெடப்போம். பாத்தது உன் கண்ணு, சொன்னது உன் வாய். டெஸ்ட்லயும் உனக்கு நீயே சொல்லிக்க. சத்தமாவே சொல்லு."

அடுத்த டெஸ்ட் முடிந்து இறங்கிய அதிகாரிக்கு முகம் வெளிறியிருந்தது. "உங்க மருமக வழியெல்லாம் யாரையோ அதட்டிக்கிட்டே வந்தாங்க. என்னைத்தான் திட்டறாங்களோன்னு நெனச்சேன்."

"அது கெடக்கட்டும். பாஸா?"

"பாஸ்தான்," என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறக்கப் போனேன். அவள் குறுக்கே வந்து நின்று கையை நீட்டினாள்.

"தாமெலா."

மகன் சொல்லித்தராத வார்த்தை, ஆனால் நீட்டிய கையே சொல்லிவிட்டது: அதை என்கிட்ட கொடு. அத்தை இல்லை, தயவுசெய்து இல்லை. ஒருவழியாக விருந்தாளி வீட்டுக்காரி ஆகிவிட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன்.