ஒலுமிடே விட்டுப்போன கேபிள்

சார்ஜில் போட்டால் பேட்டரி ஏறத்தானே வேண்டும்? என் லேப்டாப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலை நாலு மணிக்குள் என் அனிமேஷன் படத்தைக் கால்கரி ஸ்டூடியோவுக்கு அனுப்பியாக வேண்டும். அவர்களுக்குப் படம் பிடித்தால் வேலை, வேலை கிடைத்தால் விசா. விசா வந்தால் அந்த ஊரில் இருக்கிற என் புருஷன் ஒலுமிடேயை இரண்டு வருஷத்துக்குப் பிறகு தொட்டுப் பார்க்கலாம். அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஊர் இகேஜாவில் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். கட்டட ஜெனரேட்டர் போன வாரமே படுத்துவிட்டது. லேப்டாப்பின் செங்கல் மாதிரி சார்ஜரை மாட்டினால் வீட்டு இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். ஆகவே நூறு வாட் சின்ன சார்ஜரும் டைப்-சி கேபிளும்தான் கதி. சாதாரண வேலைக்கு அது போதும். படம் முழு மூச்சில் தயாராகும்போதுதான் காலை வாருகிறது.

கீழ்க்கடை ரிப்பேர்காரன் சஹீதைக் கூப்பிட்டேன். கையில் அகேகே ரொட்டியோடே மேலே வந்தான். நடுவில் ஒரு குட்டி மீட்டரைச் சொருகிப் பார்த்தான்.

"அக்கா, சார்ஜர் நூறு தருது. இந்தக் கேபிள் அறுபதுக்கு மேல விடமாட்டேங்குது. இது போன் கேபிள்."

கழற்றி ஓரமாக எறியப் போனவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அது ஒலுமிடேயுடையது. அவன் கிளம்பிய நாள் அமளியில் என்னுடையது எங்கோ தொலைந்தது, இது மட்டும் மெத்தை ஓரத்தில் கிடந்தது. அன்றிலிருந்து இதுதான். என் புருஷனுடையது, எறியாதே என்று சஹீதைக் கடிந்துகொண்டேன்.

அவன் தன் பையிலிருந்து வேறொரு கேபிளை எடுத்தான். "புருஷன் ஞாபகத்தைத் தலையணைக்கு அடியில வை அக்கா. லேப்டாப்புக்கு என் கேபிளைப் போடு."

நூறு வாட்டும் முழு வேகத்துக்குப் பற்றாது என்று லேப்டாப்பின் வேகத்தையும் குறைத்து வைத்தான். வரவுக்கு ஏற்ற செலவாம். ஞாயிற்றுக்கிழமை ஒலுமிடேயோடு பேசும் அரைமணி நேரத்தை வைத்து வாரம் முழுக்க ஓட்டுகிறவள் நான், எனக்கே சொல்கிறான்.

பேட்டரி இருபத்திரண்டில் நின்றது. படம் ஆமையாய் நகர்ந்து, மூன்றே முக்காலுக்கு முடிந்தது. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு வரை பொறுக்காமல் ஒலுமிடேயை அழைத்தேன். உன் கேபிள் இன்றைக்கு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது என்று திட்டினேன்.

"நான் அதை மறந்து வைக்கலடி. உன் கேபிளை நான்தான் எடுத்துக்கிட்டு வந்தேன். உன்னோடது ஏதாச்சும் ஒண்ணு கைல வேணும்போல இருந்துச்சு. அதான் என்னோடதை அங்க வச்சேன்."

இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் வாயெடுத்தேன். எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"கட்டில் பக்கத்துல. தினமும் அதுலதான் போனைப் போடறேன். பார்சல்ல அனுப்பட்டா?"

"அனுப்பாத," என்றேன். "நானே வந்து வாங்கிக்கிறேன்."