சமையலறையில் புளூகில்

எல்டன் காலையில் எழுவான், காபி போடுவான், முழங்கால்வரை நிற்கும் ஏரித் தண்ணீரில் நடந்து போய் மேசையில் உட்கார்ந்து குடிப்பான். மனைவி மார்கிட்டை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து தினமும் விடியும்போது ஏரி வீட்டுக்குள் வந்தது. வெயில் ஏறியதும் துளி ஈரமில்லாமல் போய்விடும். விஸ்கான்சினில் ஜூன் மாதம் புளூகில் மீன் கரையோரம் வந்து முட்டையிடும். உள்ளங்கை அகல மீன்கள் வாலால் துடைத்துத் துடைத்து அவன் சமையலறைத் தரையில் வட்ட வட்டமாகக் குழி பறித்தன. செவுளோரம் நீலம், நெஞ்சில் செம்பு. முதல் வெளிச்சம் சன்னலில் விழுந்ததும் வீடே உள்ளிருந்து எரிவதுபோல இருக்கும். கோப்பை கையிலேயே ஆறிப்போகும். இருப்பதிலேயே பெரிய ஆண்மீன் மார்கிட்டின் நாற்காலிக்கு அடியில் காவல் நின்றது.

ஊர் அதைக் கூரை ஒழுகுவதுபோலத்தான் எடுத்துக்கொண்டது. பாதிரியார் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தார். ஆனால் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறியது. அது மெத்தையைத் தொட்ட காலையில் தூண்டில் கடை டார்லீன் புழு டப்பாவோடு வந்தாள்.

"மீனு சேரச் சேரத் தண்ணி ஏறத்தான் செய்யும். பிடிச்சுக் கொறைப்பா. இப்படியே படுத்துக் கெடந்தா ஒருநாள் எந்திரிக்க மாட்ட."

"எந்திரிச்சு என்ன செய்ய?"

"மொதல்ல மூஞ்சியக் கழுவு. தண்ணிக்கா பஞ்சம்?"

எல்டன் பட்டணத்தில் படித்தவன். பெரிய வாயுள்ள பாஸ் மீன்தான் மீன் என்று நினைப்பவன். பெரிய கொக்கியில் முழு மண்புழுவைக் கோத்து, மீன் கூட்டத்தின் நடுவில் வீசினான். மீன்கள் சிதறின, திரும்பி வந்து புழுவின் வாலை மட்டும் கடித்துப் போயின. வெட்டுக்கிளி போட்டான், மெழுகுப்புழு போட்டான். தண்ணீர் தலையணைக்கு வந்தது. அன்று அவன் எழவில்லை. காதுவரை தண்ணீரில் மல்லாந்து கிடந்தான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. மார்கிட் கடைசியாக என்ன சொன்னாள் என்று பாதிரியார் முதல் எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தான். சொல்லக்கூடிய பேச்சாக அது அவனுக்குத் தோன்றவில்லை.

எழுந்தான். அவளுடைய தூண்டில் பெட்டியிலிருந்து பொடிக் கொக்கியையும் விரல் நுனி அளவு மிதவையையும் எடுத்தான். குழியின் ஓரமாக, சத்தமில்லாமல் இறக்கினான். மிதவை ஒருமுறை நடுங்கி, உள்ளே போனது. ஒவ்வொரு மீனுக்கும் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. நாற்காலிக்கடியில் இருந்ததும் வந்தது. முட்டைக்குக் காவல் நிற்கும் பெரிய ஆண்மீனை அந்த ஊரில் யாரும் எடுப்பதில்லை என்பதால், கொக்கியைக் கழற்றி அதே இடத்தில் விட்டான். மற்றவற்றை வறுத்து உட்கார்ந்து தின்றான்.

இன்றும் ஜூன் பிறந்தால் அந்த வீட்டில் கணுக்கால் அளவு ஏரி நிற்கும். அவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு காபி போடுவான். பெரிய மீன் அவள் இடத்தில் இருக்கும். கேட்டவர்களுக்கு இப்போது சொல்கிறான்: ஆஸ்பத்திரியில், கண்ணை மூடியபடி, எரிச்சலாக, அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"முழுப் புழுவக் கோக்காதப்பா, மண்டு. நகத்தளவு கிள்ளிப் போடு. அதுங்களுக்குச் சின்ன வாயி."