மாப்பிள்ளை சுட்ட பான்கேக்

காலையிலிருந்து சமையலறையை அமர்க்களப்படுத்திய மாப்பிள்ளை, குட்டிக் குட்டியாய்த் தடித்த பான்கேக்குகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவர் போல நடந்து வந்தார். மாமியார் ஒன்றைப் பிட்டாள். மேலே கருகல், உள்ளே பச்சை மாவு வழிந்தது.

“உள்ள மிருதுவா இருக்கணும் அத்தை. அதான் பக்குவம்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கோணலையே ஆட்டம் என்கிறாரே என்று மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தீயைக் குறைச்சு மூடி வெச்சிருந்தா வெந்திருக்கும், மாப்பிள்ளை.”

“அம்மா, அவருக்குத் தெரியாதா?” என்று மகள் முந்திக்கொண்டாள். ஆனால் தன் தட்டை அவள் தொடவே இல்லை.

“அப்போ அவரே முதல்ல சாப்பிடட்டும்.”

மாப்பிள்ளை வீம்பாக ஒன்றை முழுசாய் வாயில் போட்டார். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை; திருதிருவென்று விழித்தார். மகளுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. வாயை மூடியபடியே அவர், மீதி மாவைச் சுட அடுப்பைக் குறைக்கப் போனார்.