காகம் விட்ட மூச்சு

பேசித் தீராத காரியம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. தீரவில்லையென்றால் பேசியது போதவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்தவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே படங்களுக்குக் குரல் கொடுக்கிறவன். டப்பிங் அறையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பாத்திரத்தின் பெயர்தான். இந்த மாதம் அவன் காகம்.

படம் ஜப்பானிய அனிமேஷன். பயந்தாங்கொள்ளிச் சிறுமி ஒருத்தி, தொலைந்துபோன தன் நிழலைத் தேடி மேகங்களின் ஊருக்குப் போகிறாள். நிழல் கிடைக்கும்போது அது அவளைவிட ஒரு சாண் உயரமாக இருக்கிறது. வழியெல்லாம் புத்தி சொல்லியே அவளைக் கதிகலங்க வைத்த காகம், கடைசியில் பாலத்தருகே நின்று அவளைத் தனியே அனுப்புகிறது. அந்த இடத்தில் அவனுடைய தாளில் வசனம் இல்லை. 'மூச்சு' என்று மட்டும் இருந்தது.

"என்ன சார் இது? படம் பூரா லொடலொடன்னு பேசின காகத்துக்கு இங்க மட்டும் நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"மூச்சு விடு," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பிங் இயக்குநர்.

விட்டான்.

"மாடிப்படி ஏறி வந்த மாதிரி இருக்கு. மறுபடி."

இரண்டாவது கொட்டாவி. மூன்றாவது பல்வலி. பதினொன்றாவதற்கு இயக்குநர் பெயர்கூட வைக்கவில்லை.

"ஜப்பான்காரன் படத்துல பிள்ளைங்க பெரிசாகிறது ரொம்ப சுலபம் சார். தொலைஞ்சு போகணும், நாலு பேர் கிட்ட திட்டு வாங்கணும், கடைசியில பேசாம திரும்பிப் போகணும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையா? நான் வசனமே எழுதி வெச்சிருக்கேன். 'போய் வா மகளே, சிறகில்லாமலே பறக்கக் கற்றுக்கொண்டாய்...'"

"அதை வாழ்த்து அட்டையில போடு. சாப்பிட்டு வந்து ஒரே ஒரு தடவை. வரலைன்னா உனக்குப் பதிலா பூதத்தை விடச் சொல்லிடுவேன். இருபது வருஷமா மூச்சு விடுறவர்."

பூதத்துக்குப் பேசுகிறவர் மூலையில் அமர்ந்தபடி அடக்கமாக ஒரு மூச்சு விட்டார். தன் காகத்துக்கு இன்னொருத்தன் மூச்சா! காகத்துக்கு வயிறு எரிந்தது.

சாப்பிடப் போகவில்லை. தெருமுனையில், வந்து நின்ற பேருந்தருகே தங்கை நின்றிருந்தாள். இன்று முதல் வெளியூர்க் கல்லூரி, விடுதி வாசம். பெட்டியைத் தூக்கிவிடத்தான் ஓடினான்; அதற்குள் அவளே ஏற்றிவிட்டிருந்தாள். சட்டைப்பையிலிருந்து அறிவுரைகள் எழுதிய காகிதத்தை எடுத்தான்.

"ஒண்ணு, முன்பின் தெரியாதவங்க கிட்ட..."

"அண்ணா, பத்தொன்பதும் நேத்தே சொல்லிட்டே. இருபதாவது இருந்தா சொல்லு."

"கிண்டலா? பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

படியில் ஏறித் திரும்பினாள். அவனைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள். வண்டி உறுமியது.

"சீக்கிரம், இருபதாவது!"

இருபதாவது தயாராகத்தான் இருந்தது, சிறகோடு. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வண்டி திரும்பி மறைந்தது.

மைக் முன்னால் வந்து நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் சிறுமி பாலத்தில் போய்க்கொண்டிருந்தாள். காகம் அலகைத் திறந்து மூடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் பதிவை நிறுத்தினார்.

"ஓகே," என்றார். "டேய், எப்படிடா வந்துச்சு?"

காகம் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது.