எஞ்சின்தான் ஆடியது

தமிழ்நிலாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று திண்டுக்கல்லில் யாராவது சொன்னால், சொன்னவரை முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவள். எத்தனையோ வீட்டுப் பெண்கள் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். அது போதாதென்று, மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் தன் பழைய வெள்ளைக் காரைப் போட்டு விரட்டுவாள். அதற்காகவே பின்சீட்டைக் கழற்றி, பிரேக்கை மாற்றி, பார்த்துப் பார்த்துத் தயார் செய்த வண்டி அது.

தயார் செய்தவன் அவள் புருஷன் சார்லஸ். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் வேலை. பஞ்சை இழுக்கிற உருளைகளுக்கு மேலே ரப்பர் உறை இருக்கும். தேய்ந்ததைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டுப் புதிதை மாட்ட வேண்டும். ஷிப்டு முழுக்க அதுதான் வேலை. வேலை முடிந்தால் கார். காரை விட்டால் நிலா. அவனுக்கு வேறு உலகம் கிடையாது, வேண்டும் என்று கேட்டதும் கிடையாது.

போன மாசம்தான் அந்தக் கூத்து நடந்தது. வளைவு ஒன்றில் தமிழ்நிலா மூன்றாவது கியரைத் தள்ளினாள், விழவில்லை. எஞ்சின் வீலென்று அலற, வண்டி செத்த பாம்பாக உருள, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ எடுத்துப் போட, அது சுற்றிச் சுற்றி டிரைவிங் ஸ்கூல் பிள்ளைகளின் போனுக்கே வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. "கியரப் பாக்காத, ரோட்டப் பாரு" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், தானே குனிந்து கியரைப் பார்க்க ஆரம்பித்தாள். பேகம்பூரிலிருந்து வந்து கற்றுக்கொள்கிற அஜீஸுன்னிசா ஒரு நாள் வெள்ளந்தியாகக் கேட்டே விட்டாள்: "அக்கா, நீங்களே கியரப் பாக்குறீங்களே?"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தமிழ்நிலா சொன்னாள். "இனிமே டிராக்குக்குப் போகலங்க. வண்டிய வித்துருவோம்."

சார்லஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட, உன் கையில என்ன இருக்கு? எஞ்சின்தான் ஆடுது நிலா. எஞ்சின் உக்காந்திருக்கிற மவுண்டிங் ரப்பரு கிழிஞ்சிருக்கும். நீ மிதிக்கும்போது எஞ்சின் துள்ளுனா கியர் ராடையும் சேத்து இழுக்கும்ல? பெறகு எப்படி விழும்?"

"நெசமாவா?"

"பின்ன? கெட்டி ரப்பரு மவுண்டிங் வாங்கி மாட்டிருவோம். எஞ்சின் அசையாது."

அப்படித்தான் இருக்கும் என்று அவன் மனசார நம்பினான். புது மவுண்டிங் வந்ததும், வத்தலக்குண்டு ரோட்டில் தன் கூட்டாளி சங்கிலி வைத்திருக்கும் ஒர்க் ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனான். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, பழைய மவுண்டிங்கை வெளியே எடுத்தான். முகத்தில் ஈயாடவில்லை. ரப்பர் கல்லுக்குண்டாட்டம் இருந்தது. கிழிசல் இல்லை, வெடிப்பு இல்லை. மற்றதையும் கழற்றினான். அதுவும் அப்படியே. கியர் ராடை ஆட்டிப் பார்த்தான், அதிலும் ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் அன்றைக்குத் தப்பியது அவள் கைதான். இதை எந்த வாயால் போய்ச் சொல்வது? சொன்னால் வண்டியை விற்றுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். சார்லஸ் பையிலிருந்த மில் கத்தியை எடுத்தான். பழைய ரப்பரைச் சரக்கென்று ஒரு கீறு கீறினான்.

சங்கிலி பதறிப்போனான். "ஏலே, நல்ல ரப்பர எதுக்குலே அறுக்குற?"

"நீ செத்த நேரம் பேசாம இரு அப்பு."

புது மவுண்டிங்கை உட்கார வைத்து, எஞ்சினை ஒரு ஆட்டு ஆட்டி இடம் பிடிக்கவிட்டு, போல்ட்டை இறுக்கினான். வீட்டுக்கு வந்து கீறின ரப்பரைத் தமிழ்நிலாவிடம் நீட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் தாடிக்கொம்பு வரைக்கும் ஒரு நடை போய்வந்தார்கள். கெட்டி ரப்பர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டது சரி, அதன் உதறலையெல்லாம் ஆள்மேல் இறக்கிவிட்டது. சிக்னலில் நின்றால் கண்ணாடி நடுங்கியது, கதவு நடுங்கியது, பேச வாயெடுத்தால் குரலும் சேர்ந்து நடுங்கியது. ஆனால் கியர்? தள்ளியதும் டக்கென்று விழுந்தது. தமிழ்நிலா சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! சார்லஸுக்கு வாயெல்லாம் பல்.

சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்வந்துவிட்டார்கள். ஞாயிறு விடிவதற்குள் டிராக்குக்குக் கிளம்ப வேண்டுமல்லவா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கத்தரிக்காய் வெஞ்சனத்துக்குப் பக்கத்தில் அவள் அந்தப் பழைய ரப்பரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரப்பரு கிழிஞ்சா இப்படியா கிழியும்? ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரில்ல இருக்கு?"

சார்லஸ் ரப்பரை எடுத்துப் பார்த்தான். பாவி மனுஷன், கொஞ்சம் கோணல்மாணலாகக் கீறித் தொலைத்திருக்கக் கூடாதா? எங்கே கீறுவது! வருஷக்கணக்காக ரப்பரை நேராகவே கீறிப் பழகின கை, பொய் சொல்லும்போதும் நேராகத்தான் போயிருக்கிறது.

"நீங்கதான அறுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப வண்டியில கோளாறு இல்ல. என் கையிதான்."

இனிப் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. "ஆமா நிலா. உன் கையிதான். அன்னைக்கு ஒரு தடவ தப்பிருச்சு, அம்புட்டுத்தான். மில்லுல நான் எத்தன உறையப் பாழாக்கியிருக்கேன்? அதுக்காக வேலைய விட்டுட்டா வந்துட்டேன்?"

"நீங்க பாழாக்குனத யாரும் வீடியோ எடுக்கலயே."

சார்லஸ் தலையைத் தூக்காமலே சொன்னான். "நீ ஓட்டுறதப் பாக்கத்தான் நான் மாசமெல்லாம் காத்துக் கெடக்கேன். ஜெயிக்கிறதப் பாக்க இல்ல. ஓட்டுறதப் பாக்க."

தமிழ்நிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியதோ என்னவோ, சட்டென்று குனிந்து அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வெஞ்சனத்தை வைத்தாள். "சாப்புடுங்க, ஆறுது" என்றாள். விடியற்காலையில் அவன் கண் விழித்தபோது, வாசலில் அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது.

டிராக்கில் முதல் சுற்றுகள் அமர்க்களமாகப் போயின. எஞ்சின் இம்மிகூட ஆடவில்லை. அவள் மிதித்தால் வண்டி பாய்ந்தது, திருப்பினால் திரும்பியது. சார்லஸ் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் அந்த வளைவு வந்தது. மூன்றாவது கியரைத் தள்ளினாள். விழவில்லை. போன மாசம் கேட்ட அதே அலறல்.

சார்லஸ் தலையில் கையை வைத்துக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று நினைத்தான். வண்டி ஓரமாகக் கொஞ்ச தூரம் உருண்டது. பிறகு கியர் விழுந்து, மிச்சச் சுற்றையும் முடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "என்ன மேடம், கியர் பாக்ஸ் பிராப்ளமா?" என்றார் ஒருவர்.

சார்லஸ் முந்திக்கொண்டான். "அது வந்து சார், மவுண்டிங் புதுசு, இன்னும் செட் ஆகல. எஞ்சின்தான்..."

தமிழ்நிலா இறங்கிவந்து அவன் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"வண்டி தங்கம் சார்" என்றாள், சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "நாந்தான் கியர விட்டேன். போன தடவையும் நாந்தான்."

"அப்ப இன்னைக்கு இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டான் சார்லஸ்.

"யாரு சொன்னா? தண்ணியக் குடுங்க. இன்னொரு ரவுண்டு போறேன்."

போனாள். அந்த வளைவில் கியர் விழுந்ததா என்று கேட்கிறீர்களா? விழுந்தது. விழாமல் போயிருந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பாள்.